ஜூலையில் கூட்டம் இருக்காது

வயாலா
4 மே 1998

அடி ஏவிஸ்,

நீ போன் செய்தாயாம். பக்கத்து வீட்டுக்காரிதான் உள்ளே வந்து எடுத்தாளாம், அவள் சொன்னாள். என் வீட்டுப் போன் மணி அவளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. காதுக் கருவியோடு ரிசீவரை எடுத்தால் விசில் அடிக்கிறது, கருவியைக் கழற்றினால் ஒன்றுமே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து அடிலெய்டு முழுவதும் பேசினதை ஒட்டுக்கேட்ட காது இது. இப்போது மரக்கட்டை. ஆகவே இனிமேல் எழுது. கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு.

ஜூலை விஷயம். வழக்கம்போல இரண்டாம் வாரம், கிளேர் பள்ளத்தாக்கு, வாட்டர்வேலில் மிஸஸ் ஹெல்பிக்கின் கல் வீடு. வசந்தத்தில் போகிறவர்கள் போகட்டும். தொப்பி போட்டுக்கொண்டு, பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி, புது ரீஸ்லிங் ஒயினை வாயில் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "எலுமிச்சை வாசனை தெரிகிறது" என்று சொல்லட்டும். நமக்கு ஜூலைக் குளிர்தான். கூட்டம் இருக்காது. திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்துப் பண்ணுகிற ஆட்களையும் நம்மையும் தவிர அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஜீவன் இராது. இத்தனை வருஷத்தில் ஒரு முறையாவது அந்த வீட்டை முன்பதிவு செய்திருக்கிறோமா? மிஸஸ் ஹெல்பிக்குக்கு ஒரு தபால் அட்டை, அவ்வளவுதான். போனால் மீட்டர் பெட்டிக்குள் சாவி இருக்கும்.

இந்த வருஷம் க்ளெனிஸ் வேண்டாம்.

முகத்தைச் சுளிக்காதே, இங்கிருந்தே தெரிகிறது. அவள் புருஷன் மெர்வ் செத்துப்போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவள் எழுதியிருக்கும் கடிதத்தைப் பார்த்தாயா? அவன் சாம்பலை டப்பாவோடு கொண்டுவந்து ஹெல்பிக் வீட்டுக்குப் பின்னால் கொடிகளுக்கு நடுவில் தூவப் போகிறாளாம். உயிரோடு இருந்த வரைக்கும் அவன் பீரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. ஒயின் குடிக்கிற நம்மைப் பார்த்து, "பூனை மூத்திரத்துக்கா இவ்வளவு தூரம் போறீங்க?" என்று கேட்டவன். போன வருஷம் அவனுக்கு நோய் என்று ருசி பார்க்கும் கூடத்திலேயே நின்று அழுதாள். ஊற்றிக்கொடுத்த பையன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். இந்த வருஷம் ஆள் வேறு இல்லை. வாரம் முழுக்க மூக்கைச் சிந்துவாள். எனக்கு வருஷத்தில் இருப்பது அந்த ஒரு வாரம்.

நம் பழைய வழியையே பின்பற்றலாம். நினைவிருக்கிறதா, அந்த ரேன்கின் கிழவி? தினமும் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு லைன் கேட்டு, மகன் எப்படி இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று உயிரை எடுத்தாளே? நான்தானே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன், பிளக்கைச் செருகாதே, "இணைக்க முயன்றுகொண்டிருக்கிறேன், லைனில் காத்திருங்கள்" என்று மட்டும் சொல் என்று. முடியாது என்று சொன்னால்தான் சண்டைக்கு வருவார்கள். முயல்கிறேன் என்றால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள். க்ளெனிஸ் கேட்டால், வீடு இன்னும் உறுதியாகவில்லை, முயன்றுகொண்டிருக்கிறோம் என்று சொல். ஆகஸ்ட் வந்ததும் தானாகப் புரிந்துகொள்வாள்.

உடனே பதில் போடு.

நோரீன்


ப்ராஸ்பெக்ட், அடிலெய்டு
13 மே 1998

அன்புள்ள நோரீன்,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். முட்டி வீங்கிப்போய் இரண்டு மூன்று நாள் தபால் பெட்டி வரைக்கும் நடக்க முடியவில்லை. இப்போது பரவாயில்லை. எழுத்து பெரிதாக இருக்கிறதா?

நீ சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. க்ளெனிஸோடு இருந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மெர்விடம்தான் போய் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். கேக்கைத் தொடவே இல்லை. "ஜூலைக்கு என்னடி எடுத்துட்டு வரட்டும்? நோரீன் ஏதாவது எழுதினாளா?" என்று கேட்டாள். நான் டீ ஊற்றப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். டப்பாவை இப்போதே ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருக்கிறாள். நீலப் பை. சாம்பலை அங்கே தூவ நினைப்பதற்குக் காரணம் ஒயின் இல்லையாம் நோரீன். வருஷா வருஷம் நாம் அங்கிருந்து திரும்பும்போது அவன் அவளை அழைத்துப்போக வருவான், இல்லையா? வண்டியை விட்டு இறங்காமல் ஹார்ன் அடிப்பான். அந்த வேலியோரமாகத்தான் நிறுத்துவான். அதனால்தானாம்.

எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேருக்கு நேர் பொய் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும். அந்த ரேன்கின் அம்மாளிடம் சொன்னதுகூட, நீ என் நாற்காலிக்குப் பின்னால் நின்றதால்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவள் "நன்றிம்மா" என்றாள். சரி, அது பழைய கதை.

நீயே க்ளெனிஸுக்கு எழுதிவிடேன். அல்லது அவளும் வரட்டுமே. சாம்பலைத் தூவ எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி.

அன்புடன்,
ஏவிஸ்


வயாலா
19 மே 1998

ஏவிஸ்,

"நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி" என்று எழுதிவிட்டு, முட்டியில் ஆரம்பித்துச் சாம்பல் வரைக்கும் ஒரு பக்கம் மூக்கால் அழுதிருக்கிறாய். உன்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தால் அது உருப்படாது என்று எக்ஸ்சேஞ்சிலேயே எனக்குத் தெரியும். நல்லவேளை, உன் பதிலுக்காக நான் காத்திருக்கவில்லை. க்ளெனிஸுக்கு நானே எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

முதலில் கூரை பழுது, வீடு இல்லை என்றுதான் எழுதினேன். எழுதிப் பார்த்தால் நம்பும்படி இல்லை. அவள் மிஸஸ் ஹெல்பிக்குக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவாள். அதனால் அவளுக்கு உண்மையையே எழுதினேன். "உன் அழுகை எங்கள் இரண்டு பேருக்கும் தாங்கவில்லை, ஏவிஸ் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் நீ வந்து போன பிறகு அவளுக்குச் சாப்பாடே இறங்குவதில்லையாம், அருவருப்பாக இருக்கிறதாம்" என்று. உன் பெயரையும் சேர்த்தால்தான் எடுபடும். நான் மட்டும் சொன்னால், நோரீன் எப்போதுமே இப்படித்தான் என்று துடைத்துப் போட்டுவிடுவாள். நீ சொன்னதாகச் சொன்னால் வலிக்கும், வலித்தால் வரமாட்டாள். கெட்டிக்காரத்தனம்தானே?

இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். கிழக்குப் பார்த்த அறை எனக்கு. உனக்குச் சமையலறைப் பக்கத்து அறை, முட்டிக்கு அதுதான் நல்லது. வெந்நீர்ப் பை மறக்காதே. போன ஜூலையில் கற்பலகைத் தரை ஐஸ் மாதிரி இருந்தது, கம்பளிக் காலுறை கொண்டு வா. சின்னத் திராட்சைத் தோட்டக்காரர்கள் பாதிப்பேர் ரீஸ்லிங் விற்றுத் தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள், ஆகவே ஆபர்ன் பக்கம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். மலைச்சரிவில் இருக்கும் கிழவன் திறந்திருப்பான். அவனுக்குப் போக இடமில்லை.

நோரீன்


ப்ராஸ்பெக்ட்
2 ஜூன் 1998

அன்புள்ள நோரீன்,

நீ செய்தது சரி. யோசித்துப் பார்த்தேன், நீ சொல்கிறபடியே செய்யலாம். க்ளெனிஸ் இனி ஜூலையைப் பற்றிப் பேச மாட்டாள்.

ஒரு விஷயம். மிஸஸ் ஹெல்பிக் இந்தக் குளிருக்குக் குயின்ஸ்லாந்தில் இருக்கும் மகளிடம் போகிற யோசனையில் இருக்கிறாராம். தேதியை முன்கூட்டியே பேசி வைத்தால்தான் வீடு கிடைக்கும். உன்னால் போனில் பேச முடியாது. இந்த ஒரு வருஷம் ஏற்பாட்டையெல்லாம் என்னிடம் விட்டுவிடு. எப்போதும் நீயேதான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாய். தபால் அட்டைகூட வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன்.

கிழக்கு அறை உனக்குத்தான்.

அன்புடன்,
ஏவிஸ்


வயாலா
9 ஜூன் 1998

ஏவிஸ் கண்ணு,

பார்த்தாயா, சொன்னால் புரிந்துகொள்கிறாய். இத்தனை வருஷம் கழித்து உனக்கு முதுகெலும்பு முளைத்திருக்கிறது. சரி, ஏற்பாடு உன்னுடையது. சொதப்பினால் தொலைத்துவிடுவேன்.

சாப்பாடு என்னுடையது. பேஸ்டி செய்து கொண்டு வருகிறேன், மாவுக்குள்ளே மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, டர்னிப், நிறைய மிளகு. என் அம்மா செய்ததுபோல மூலையில் அவரவர் முதலெழுத்தை மாவில் வெட்டி ஒட்டுவேன். பாதி தின்றுவிட்டு வைத்தாலும் யாருடையது என்று தெரியும், சண்டை வராது. மாலி வேர்க்கட்டை ஒரு மூட்டை சொல்லி வைத்திருக்கிறேன். ஹெல்பிக் வீட்டு விறகு புகைதான் கக்கும். இதுதான் நின்று எரியும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாதே. ஆகஸ்டில் எனக்கு எழுபது முடிகிறது. லைசன்ஸுக்கு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டார். இடது கண்ணில் நடுவில் ஒரு கறுப்பு விழுந்திருக்கிறது. லாரி எதிரே வந்தால் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. போன முறை சிரித்துப் பேசிச் சமாளித்தேன். இந்த முறை நடக்காது. ஆக, நானே வண்டி ஓட்டிக்கொண்டு கிளேர் வருவது இதுதான் கடைசி.

ஏவிஸ், இங்கே எனக்கு யாரும் இல்லை. பையன் டார்வினிலிருந்து போன் செய்வானாம், எனக்குத்தான் கேட்கவில்லையாம், அப்படித்தான் கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதுகிறான். கடைக்காரியிடம் ரொட்டி கேட்கிறேன், அவள் ஏதோ சொல்கிறாள், நான் தலையாட்டிவிட்டு வருகிறேன். ஒரு வாரம் முழுக்க அதுதான் என் பேச்சு. ஜன்னலைத் திறந்தால் சிவப்புத் தூசி. ஜூலை வரும், ஜூலை வரும் என்றுதான் மற்ற மாதங்களைத் தள்ளுகிறேன். நீ என் வலது பக்கம் உட்கார்ந்து பேசினால் எனக்குக் கேட்கும். வேறு யாருக்கும் அந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று தோன்றுவதில்லை.

சரி, போதும். போர்ட் ஒயின் பாட்டிலை நீ கொண்டு வா. போன வருஷம் வாங்கின மட்டமானது வேண்டாம்.

நோரீன்


ப்ராஸ்பெக்ட்
29 ஜூன் 1998

அன்புள்ள நோரீன்,

உன் கடிதம் வந்தது. பதில் எழுதக் கொஞ்சம் நாளாகிவிட்டது.

மிஸஸ் ஹெல்பிக்கிடம் பேசினேன். இரண்டாம் வாரம் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் வருகிறானாம், வீடெல்லாம் கரியாக இருக்குமாம். ஆகவே ஒரு வாரம் தள்ளி, 20ஆம் தேதி திங்கட்கிழமை. நேராக வீட்டுக்கே வந்துவிடு. நான் முன்பே வந்து தீ மூட்டி வைக்கப் பார்க்கிறேன். வர முடியாவிட்டாலும் சாவி மீட்டர் பெட்டியில் இருக்கும்.

பேஸ்டி நிறையவே செய். மூட்டையையும் கொண்டு வா.

ஏவிஸ்


ஆபர்ன், ஹோட்டல் மாடி அறை
21 ஜூலை 1998

ஏவிஸ்,

நீ ஒரு பாம்பு.

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். போர்ட் அகஸ்டாவிலிருந்தே மழை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ரோட்டின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். எத்தனை லாரிக்காரன் ஹார்ன் அடித்தானோ, எனக்குக் கேட்கவில்லை. வாட்டர்வேல் திருப்பம் வந்ததும் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். புகைபோக்கியில் புகை இல்லை. சரி, முட்டிக்காரி, பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். மீட்டர் பெட்டியைத் திறந்தேன். சிலந்திதான் இருந்தது. கைவிட்டுத் துழாவினேன். மறுபடி மறுபடி துழாவினேன்.

மிஸஸ் ஹெல்பிக் பக்கத்திலிருக்கும் தன் வீட்டு வாசலில் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டார். கிட்டே ஓடி வந்து என் காதில் கத்தினார்:

"ஐயோ நோரீன், நீங்க எப்படி எழுந்து வந்தீங்க? உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்து படுத்த படுக்கையா இருக்கீங்கன்னு இல்ல சொன்னாங்க!"

"யார் சொன்னது?"

"உங்க சிநேகிதிங்கதான். ஏவிஸும் க்ளெனிஸும். போன வாரம் பூரா இங்கதானே இருந்தாங்க, முந்தாநாள்தான் கிளம்பினாங்க. உங்களுக்குன்னு ஒரு அட்டையில நானும் கையெழுத்துப் போட்டேனே, சீக்கிரம் குணமாகணும்னு. வந்து சேரலையா?"

வந்தது, நன்றி என்று சொன்னேன். உள்ளே கூப்பிட்டார். தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது, பெட்டி கட்டியாகிவிட்டது, ஆனாலும் ஒரு டீ போடுகிறேன் என்றார். அவர் முகத்தில் இருந்த இரக்கத்தைப் பார்த்துவிட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் பின்னால் போனேன்.

வேலியோரம், முதல் வரிசைக் கொடிகள். கவாத்து முடித்துவிட்டிருந்தார்கள், மொட்டைக் கட்டைகள்தான் நின்றன. வெட்டின குச்சிகள் கீழே கிடந்தன. அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பசை, மழையில் கரைந்து. முதலில் குச்சிகளை எரித்திருக்கிறார்கள் என்று நினைத்து அதன் மேலேயே நடந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது. மெர்வ் என் செருப்பில் ஒட்டிக்கொண்டு ஆபர்ன் வரைக்கும் வந்திருக்கிறான். ஹோட்டல்காரியின் பிரஷ்ஷை வாங்கித் தேய்த்துக் கழுவினேன். க்ளெனிஸிடம் சொல்லிவிடு, அவள் புருஷனில் பாதி இந்தக் கழுவுதொட்டியில் போய்விட்டான்.

இருட்டில் என்னால் ஓட்ட முடியாது, அதனால் இங்கே அறை. நேற்றுச் சாயங்காலம் காரிலேயே உட்கார்ந்து ஒரு பேஸ்டி தின்றேன். ஆறிப்போய் மாவு கல்லாகிவிட்டது. கூடையில் உன் எழுத்துப் போட்டவை இருக்கின்றன. க்ளெனிஸின் எழுத்துப் போட்டதும் இருக்கிறது. கைப்பழக்கம், வேறொன்றும் இல்லை.

எனக்குச் சில விஷயம் தெரிந்தாக வேண்டும். கிழக்கு அறையில் யார் படுத்தது? மலைச்சரிவுக் கிழவன் என்னைப் பற்றிக் கேட்டானா? அவனிடமும் ஸ்ட்ரோக் என்றுதான் சொன்னீர்களா? நீங்கள் சிரித்தீர்களா, ஏவிஸ்? என்னைப் பற்றிப் பேசிச் சிரித்தீர்களா?

இது என் கடைசி ஜூலை என்று உனக்கு எழுதியிருந்தேன். உனக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன்.

நோரீன்


ப்ராஸ்பெக்ட்
10 ஆகஸ்ட் 1998

நோரீன்,

கேட்டாய், சொல்கிறேன். எழுத்தைப் பெரிதாகவே போடுகிறேன், கண்ணைச் சிரமப்படுத்தாமல் படி.

மே மாதம் நீ அவளுக்கு எழுதிய கடிதம் கிடைத்த அன்று க்ளெனிஸ் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு உள்ளே வரவில்லை. மழையில் நின்றுகொண்டு, "ஏவிஸ், என்னைப் பார்த்தா உனக்கு அருவருப்பா இருக்கா? அதை நீயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றாள். அழவில்லை. அன்றைக்கு மட்டும் அவள் அழவில்லை.

நான் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாக எழுதினாய். எழுதிவிட்டு, கெட்டிக்காரத்தனம்தானே என்று என்னிடமே கேட்டாய். ஒரு காலத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று என் வாயால் பொய் சொல்ல வைத்தாய். இப்போது என் வாயே தேவைப்படவில்லை உனக்கு. உன் கடிதத்தை மடித்து வைத்தபோது எனக்கு உன்மேல் கோபம்கூட வரவில்லை. உன்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ரொம்ப நாளாகவே பிடிக்கவில்லை என்றும் தெரிந்தது.

கிழக்கு அறையில் நான் படுத்தேன். காலையில் வெயில் நேராகக் கட்டில் மேல் விழுகிறது. இத்தனை வருஷம் அதை நீ மட்டும் அனுபவித்திருக்கிறாய். மலைச்சரிவுக் கிழவர் உன்னைப் பற்றிக் கேட்டார். சொன்னோம். "அடப்பாவமே, அந்த அதட்டுற அம்மாவா?" என்றார். பிறகு, விற்காமல் வைத்திருந்த பழைய ரீஸ்லிங் ஒன்றைத் திறந்து கொடுத்தார். நமக்கு எப்போதாவது அதைத் திறந்து கொடுத்திருக்கிறாரா? நாங்கள் சும்மா உட்கார்ந்து பேசினோம், அவரும் பேசினார், அவ்வளவுதான். நீ இருந்தால் அவர் பேச முடியாது. நீதான் பேசுவாய்.

சாம்பல் தூவும்போது கவாத்துக்காரர்கள் கத்தரியை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். வேலைக்கு வந்த அன்னியர்கள். க்ளெனிஸ் ஒரு தடவை தேம்பினாள். பிறகு, "ஹார்ன் அடிக்காம இரு மெர்வ்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் வாரம் முழுக்கச் சிரித்தோம். ஆமாம், உன்னைப் பற்றியும்தான். நீ பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற மாதிரி க்ளெனிஸ் செய்து காட்டினாள். எனக்கு வயிறு வலித்துவிட்டது.

இன்னொன்று. லைசன்ஸைப் பற்றி நீ எழுதியதை நான் க்ளெனிஸிடம் காட்டினேன். யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய், தெரியும். அவள் படித்துவிட்டு, "பாவம்டி, கடைசி தடவையாம். கூப்பிட்டுடலாமே, நான் தாங்கிக்கிறேன்" என்றாள். நீ அப்படி எழுதின பிறகும் அவள் அப்படிச் சொன்னாள்.

வேண்டாம் என்றது நான்தான். 20ஆம் தேதி என்று எழுதச் சொன்னதும் யாரும் இல்லை. நானாக யோசித்தேன். அன்றைக்குக் காலையிலிருந்தே இங்கே மழை பெய்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்போது போர்ட் அகஸ்டா தாண்டியிருப்பாள், இப்போது மீட்டர் பெட்டியைத் திறப்பாள் என்று நினைத்துக்கொண்டே டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது.

ஏவிஸ்


வயாலா
3 மே 1999

அன்புள்ள ஏவிஸ்,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டி வைத்தேன். பதில் எழுத வேண்டாம் என்றிருந்தேன். கோடையில் எழுதிய நாலைந்து கடிதம் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. எல்லாவற்றிலும் திட்டித்தான் இருக்கிறது, அதனால் அனுப்பவில்லை.

லைசன்ஸ் போய்விட்டது. காரைப் பக்கத்து வீட்டுக்காரியின் மருமகன் எடுத்துக்கொண்டான். வலது காதும் இப்போது அவ்வளவாக இல்லை. கடைக்காரி பேசுவதை நிறுத்திவிட்டு என் கையில் ரொட்டியைக் கொடுத்துவிடுகிறாள். நேற்று வானொலியை வைத்து ஒலியை முழுவதும் திருகினேன், பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது, படம் கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது.

மே வந்துவிட்டது. உனக்கு முதல் கடிதம் எழுதுகிற மாதம். அதனால் எழுதுகிறேன்.

அடிலெய்டுக்கு பஸ் இருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கிழக்கு அறை எனக்கு வேண்டாம். சமையலறையில் ஒரு சோபா உண்டே, அது போதும். பேஸ்டி மூன்று பேருக்கும் செய்து கொண்டு வருகிறேன், எழுத்துப் போட்டு. க்ளெனிஸ் அழட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் அழட்டும், எனக்குத்தான் கேட்காதே. அவளிடம் கேட்டுப் பார். அவள் சரி என்பாள் என்று நினைக்கிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

எந்த வாரம் என்று மட்டும் எழுது ஏவிஸ். சின்ன அட்டை போதும்.

உன்,
நோரீன்


ப்ராஸ்பெக்ட்
28 மே 1999

உங்கள் அழைப்பை இணைக்க முயன்றுகொண்டிருக்கிறேன். லைனில் காத்திருங்கள்.

ஏவிஸ்


வயாலா
2 ஜூன் 1999

உன் அட்டை கிடைத்தது. முடியாது என்று நீ எழுதவில்லை.

பஸ் தினமும் காலையில் இருக்கிறது. பெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன். எப்போது சொன்னாலும் வருவேன்.

காத்திருக்கிறேன். நன்றிம்மா.

நோரீன்